காயக் கூடாத தொட்டி

இந்தக் காலத்து ஜனங்களுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில் இருந்துகொண்டு, வீட்டுக்குள் நுழைந்ததும் விசிறியைப் போடு, ஐஸ் தண்ணியைக் கொண்டா என்கிறார்கள். சட்டையைக் கழற்றியதும் அதே ஆட்கள் வெந்நீருக்குள் இறங்கிக் கழுத்தளவு உட்காருகிறார்கள். கேட்டால் உடம்புக்கு நல்லதாம். அப்படியென்றால் சிங்கப்பூரில் ஒருத்தனுக்கும் வலி என்பதே வரக்கூடாது. இங்கே பனியனுக்குள்ளேயே வெந்நீர்தானே ஓடுகிறது.

இது சூசைநாதனின் கட்சி. எண்பத்து மூன்றாம் வருஷத்துத் தொடக்கத்தில், அவருடைய ஓவன் ரோட்டு வீட்டின் பின்முற்றத்துக்கு ஒரு மரத்தொட்டி வரப்போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். தஞ்சோங் பகாரில் முப்பத்தோரு வருஷம் கப்பல் சாமான் இறக்கியவர். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. கையால் தொட்டுப் பார்க்காத எதையும் நம்பமாட்டார். தொட்டுப் பார்த்ததிலும் பாதியைத்தான் நம்புவார்.

தொட்டி அவருக்காக அல்ல. அவர் மனைவி பிலோமினம்மாளின் முழங்காலுக்காக. இரண்டு வருஷமாக அந்த அம்மாளால் கோயிலில் முழந்தாளிட முடியவில்லை. பூசை நேரத்தில் எல்லாரும் முழங்காலில் நிற்க, அவர் மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபடி தலையைக் குனிந்துகொள்வார். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து முதல் பெஞ்சில் இருந்தவர். கடைசி பெஞ்சுக்குப் போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததுதான் சூசைநாதனை உறுத்தியது. ஆஸ்பத்திரியில் வெந்நீர்க் குளத்தில் இறக்கிவிட்டார்கள். பத்துத் தடவையில் கால் கொஞ்சம் மடங்கியது. அதோடு டாக்டர் கொடுத்த சீட்டு முடிந்துபோனது.

"வீட்டுலயே ஒண்ணு வச்சிருவோம்பா," என்றான் மகன் ஆம்ப்ரோஸ். ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை. அங்கே ஒரு ஜப்பான் என்ஜினியர் தன் வீட்டில் மரத்தொட்டி வைத்திருந்தாராம். "அவரு டெய்லி உள்ள உக்காருவாரு. எழுபது வயசு, படியில ஓடுறாரு லா."

"அவன் ஓடுறது சூட்டுக்குப் பயந்து," என்றார் சூசைநாதன்.

ஆனாலும் மகனும் மனைவியும் தொட்டி பார்க்கப் போனபோது அவரும் லாரியில் ஏறிக்கொண்டார். ஏமாற்றிவிடுவார்கள் என்ற பயம். கிராஞ்சிப் பக்கம் ஒரு மரவாடி. அங்கே தவுக்கே, அந்தச் சீன முதலாளி, மூன்று வகை மரங்களைக் காட்டினார். ஒன்று செங்கால், நம் பக்கத்துப் படகு மரம், இரும்பு மாதிரி கனம். இன்னொன்று தேக்கு. மூன்றாவது, கனடாவிலிருந்து கப்பலில் வந்த சீடர் என்னும் சிவந்த மரம். தூக்கினால் தூக்கியதே தெரியவில்லை.

சூசைநாதன் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டினார், நகத்தால் கீறினார், மோந்தும் பார்த்தார். முடிச்சு விழுந்த இரண்டு பலகைகளை எடுத்துத் தூரப் போட்டார். கடைசியில் செங்கால்மேல் கையை வைத்து, "இதுதான்," என்றார்.

தவுக்கே தலையை ஆட்டினார். சந்தை மலாயில் நிதானமாக விளக்கினார். தொட்டிக்கு ஆணியும் கிடையாது, பசையும் கிடையாது. பலகைகளை வட்டமாக நிறுத்தி வைத்து, வெளியே இரும்பு வளையம் போட்டு இறுக்குவதுதான். தண்ணீரைக் குடித்து மரம் பருக்கும்; பருத்தால் இடுக்கு மூடிக்கொள்ளும். மெத்தென்ற மரம் நன்றாகக் குடிக்கும். கெட்டி மரம் அவ்வளவு குடிக்காது.

"ஆணி இல்ல, பசை இல்ல. குடிகார மரம் ஒண்ணை நம்பி முந்நூறு கேலன் தண்ணியா?" என்றார் சூசைநாதன்.

இதற்குள் பிலோமினம்மாள் அங்கே செய்து வைத்திருந்த ஒரு காலித் தொட்டிக்குள், மகன் தோளைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி உட்கார்ந்துவிட்டார். மரவாடியில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. விளிம்பு எவ்வளவு உயரம், கால் எவ்வளவு தூக்கவேண்டும், உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தால் தண்ணீர் எதுவரை வரும் என்று கையால் அளந்தார்.

"படி ஒரு சாண் தாழ்த்திப் போடச் சொல்லு. பெஞ்சு இந்த உயரம் போதும். மரம் இந்தச் செவப்பு மரமே இருக்கட்டும். பென்சில் சீவின வாசம் வருது," என்றார்.

அதோடு முடிந்தது தேர்வு.

தொட்டி வந்தது. கூடவே ஒரு சின்ன மோட்டார், ஒரு மின்சார ஹீட்டர், மூடுவதற்கு இரண்டு துண்டாக ஒரு மரமூடி. பராமரிப்பு முழுக்கப் பிலோமினம்மாள் கையில். நாள் தவறாமல் குளோரின் வில்லை போடுவார், பல் தேய்க்கிற பிரஷ் மாதிரி மெல்லிய பிரஷால் வழுவழுப்பைத் தேய்த்துவிடுவார். சோப்புப் போடமாட்டார், எண்ணெய் தடவமாட்டார். மாதம் ஒருமுறை தண்ணீரை வடித்தால் அன்றைக்கே நிரப்பிவிடுவார். சாயங்காலம் அரைமணி நேரம் உள்ளே உட்கார்ந்து ஜெபமாலை சொல்வார். நாலு மாதத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொல்லி முடிக்குமளவுக்கு முழந்தாளிட்டார்.

"பாத்தீங்களா?" என்றார் புருஷனிடம்.

"மாத்திரை வேலை செய்யுது," என்றார் சூசைநாதன். ஒருநாளும் தொட்டிப்பக்கம் போய்க் கைவைத்ததில்லை அவர்.

ஜூலை மாதக் கடைசியில் மலேசியாவில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழா. கோயில் பெண்கள் சேர்ந்து பஸ் பிடித்தார்கள். பிலோமினம்மாளும் கிளம்பினார், அப்படியே பினாங்கிலிருக்கும் தங்கையையும் பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் திரும்புவதாக ஏற்பாடு. ஆம்ப்ரோஸ் கப்பலோடு இந்தோனேசியாப் பக்கம் வேலைக்குப் போயிருந்தான். ஆக, வீட்டில் சூசைநாதன் தனி.

வியாழக்கிழமை காலை. பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. பிலோமினம்மாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"இந்தாங்க, சோத்துக்குக் காதர் கடைக்குப் போயிடுங்க. கதவைப் பூட்டுங்க. அந்தத் தொட்டிய மட்டும் காய விட்றாதீங்க. வரும்போது பஸ்ஸுல உக்காந்து உக்காந்து கால் வீங்கிடும். வந்ததும் நான் எறங்கணும்."

"சரி சரி," என்றார் சூசைநாதன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார். காய விடக்கூடாது. நியாயந்தான். யாரும் உட்காராத தொட்டியில் தண்ணி எதற்குக் காயவேண்டும்? வந்ததும் நேராகப் பின்முற்றத்துக்குப் போய் ஹீட்டரையும் மோட்டாரையும் சுவரிலிருந்து பிடுங்கினார். பெண்டாட்டி சொல்லி அவர் உடனே கேட்ட காரியங்கள் குறைவு. அதனால் அன்றைக்கு மனதுக்கு ஒரு திருப்தி.

மறுநாள் காலையில் தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது பேச்சு காதில் விழுந்தது. கொசு இன்ஸ்பெக்டர்கள் ஓவன் ரோட்டுப் பக்கம் வீடுவீடாக வருகிறார்களாம். ஒரு வாளியில் தண்ணி தேங்கியிருந்தாலும் அபராதமாம். சூசைநாதனுக்கு மீன் மறந்துபோனது. வாளியா? முற்றத்தில் முந்நூறு கேலன், அதுவும் நேற்றிலிருந்து ஆறிப்போன தண்ணி. சூடு இருந்தவரை எந்தக் கொசு வரும்? இப்போது ஊர்க்கொசு முழுக்க அங்கேதான் குடும்பம் நடத்தும்.

வீட்டுக்கு ஓடிவந்து அடைப்பானைப் பிடுங்கினார். தண்ணீர் அரைமணி நேரம் சாக்கடையில் ஓடியது. மூடியை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். உள்ளே ஏறி இறங்கிப் பழைய வேட்டியால் ஒரு சொட்டு விடாமல் துடைத்தார். எந்தப் பாத்திரத்தையும் கழுவினால் வெயிலில் வைப்பதுதானே ஒழுங்கு. வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று நாளும் ஆகாயத்தில் ஒரு மேகம் இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம் அவர் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தபோது, பின்னால் டங்கென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தார். மேல் வளையம் நழுவிக் கீழே கிடந்தது. பலகைகள் ஒன்றையொன்று விட்டுத் தள்ளி நின்றன. இடுக்கு வழியாக அந்தப் பக்கத்துச் சுவரும், சுவரில் ஊர்ந்த எறும்பும் தெரிந்தன.

ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். ஊற்றிய வேகத்திலேயே அவருடைய கால்மேல் வந்து விழுந்தது.

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வருவாள். வீங்கின காலோடு வருவாள். வந்ததும் இறங்கணும் என்றாள். அவருக்குக் கடைசி பெஞ்சுதான் கண்முன் நின்றது.

அந்த நேரம் பார்த்து வாசலில் கூப்பிடும் சத்தம். கையில் டார்ச்சும் அட்டையுமாக ஓர் இளைஞர். "அங்கிள், கொசு செக்கிங். என் பேரு தனசேகரன்."

"வா தம்பி. நீயும் வா," என்றார் சூசைநாதன். கொசு வராமலிருக்கத்தானே இத்தனையும். "தண்ணிய எப்பவோ கொட்டியாச்சு. நல்லாப் பாத்துக்க."

தனசேகரன் தொட்டியைச் சுற்றி வந்தார். "இதுக்கு மூடி இல்லையா அங்கிள்?"

"அதோ."

"குளோரின் போடுவீங்களா?"

"வீட்டுல போடுவாங்க."

"மூடியும் குளோரினும் இருந்தா இதுல எப்படிக் கொசு வரும்? இதை ஏன் கொட்டுனீங்க?"

தனசேகரன் வீட்டுக்குள் போய் மாதா படத்துக்கு முன்னாலிருந்த பூச்சாடிக்குள் டார்ச்சை அடித்தார். பிலோமினம்மாள் போனதிலிருந்து யாரும் தண்ணீர் மாற்றாத சாடி. "இங்க வந்து பாருங்க அங்கிள். நீச்சல் பழகுது."

எட்டிப் பார்த்தார். பொடிப்பொடியாக ஆறேழு புழுக்கள் வாலை ஆட்டின. எழுத்தில் ஓர் எச்சரிக்கையைக் கொடுத்துவிட்டுத் தனசேகரன் அடுத்த வீட்டுக்குப் போனார். மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சாடியைக் கவிழ்த்த சூசைநாதன், செருப்பை மாட்டிக்கொண்டு தேக்காவுக்கு நடந்தார்.

அப்துல் காதர் தேக்கா சந்தையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அதற்கு முன் இருபது வருஷம் ஆற்றில் தொங்கான் என்கிற சரக்குப் படகு ஓட்டினவர். சூசைநாதன் கப்பலிலிருந்து இறக்கிய மூட்டைகளைப் படகில் ஏற்றிக்கொண்டு போனவர். ஊரில் சூசைநாதன் பாதிக்கு மேல் நம்புகிற ஒரே ஆள். கதையைக் கேட்டுவிட்டுக் காதர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"போகும்போது தங்கச்சி என்ன சொல்லிட்டுப் போச்சு?"

"தொட்டிய காய விடாதீங்கன்னா."

"பெறகு ஏன்டா காய விட்ட?"

"நான் எங்க காய விட்டேன்? அவ பஸ் ஏறுன உடனே ஸ்விட்சையே புடுங்கிட்டேனே."

காதர் ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாகத் தோள் குலுங்க ஆரம்பித்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடேய் சூசை, தண்ணி காயுற காய இல்லடா. துணி காயுற காய."

சூசைநாதன் அதை மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "ரெண்டுக்கும் ஒரே வார்த்தைய வச்சது யாரு தப்பு?" என்றார்.

"உன் தப்பு இல்ல. தமிழோட தப்பு. வா, போய்ப் பாப்போம்."

தொட்டியைப் பார்த்த காதர் பதறவில்லை. கரையில் ஏற்றிப் போட்ட படகும் இப்படித்தான் வாயைப் பிளக்கும், ஆற்றில் இறக்கினால் மூடிக்கொள்ளும் என்றார். சூசைநாதன் தார் வாங்கி இடுக்கில் அடைக்கலாம் என்றார். துணியைத் திணிக்கலாம் என்றார். சிமெண்ட் என்றும் சொல்லிப் பார்த்தார்.

"ஒண்ணையும் வைக்காத. இடுக்குல எதையாவது வச்சா, மரம் பருக்கும்போது எடம் இல்லாமப் பலகை நெளிஞ்சிரும். அது பாட்டுல விடு. தண்ணி குடு, அவ்வளவுதான்."

"குடுத்தா?"

"குடிக்கும்."

"குடிச்சா?"

"பருக்கும்டா. நீயும் நானும் பருக்கலையா?"

இரண்டு பேருமாக வளையத்தைத் தூக்கி, ஒரு கட்டையை வைத்துச் சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டி மேலே ஏற்றினார்கள். காதர் கடையிலிருந்து அரிசிக் கோணிகள் வந்தன. கோணியை நனைத்துத் தொட்டியின் உள்ளும் புறமும் போர்த்தினார்கள். குழாயை மெல்லத் திறந்துவிட்டு ரப்பர் குழாயை உள்ளே தொங்கவிட்டார்கள். முப்பத்தோரு வருஷம் கோணி சுமந்தது போதாதென்று, இந்த வயதில் அதைத் தொட்டிக்குப் போர்த்திவிடவும் வேண்டியிருக்கிறதே என்று சூசைநாதன் முணுமுணுத்தார்.

செவ்வாய்க்கிழமை, விட்ட தண்ணீர் விட்டபடியே வெளியே வந்தது. முற்றம் முழுக்கக் குளம். சூசைநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கு ஈரத்துணி மாற்றுகிற மாதிரி கோணியை மாற்றிக்கொண்டிருந்தார். புதன்கிழமை காலை ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. மத்தியானம் முழங்கால் உயரம். அதற்கு மேலே ஒரே ஓர் இடுக்கு மட்டும் பிடிவாதமாக ஒழுகிக்கொண்டே இருந்தது.

காதர் வந்து பார்த்தார். "நாளைக்குள்ள மூடிரும். கைய வைக்காத," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூடிரும் என்று சொல்லிவிட்டுப் போகிறவனுக்கு என்ன, நாளைக்கு வாசலில் வந்து நிற்கப்போகிறவள் அவன் பெண்டாட்டியா? சூசைநாதன் அலமாரியைத் திறந்தார். எரிந்து மீந்த மெழுகுவர்த்தித் துண்டுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. கையால் பிசைந்து இளக்கி, நீளமாக உருட்டி, உள்பக்கமாக அந்த இடுக்கில் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். காதரிடம் சொல்லவில்லை. ஒழுகல் நின்றது. அப்படியானால் மரத்தை நம்பின காதர், மெழுகை நம்பின தான், இரண்டு பேரில் யார் கெட்டிக்காரன்? அன்றைக்கு அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

வியாழக்கிழமை தொட்டி நிறைந்தது. ஹீட்டரைப் போட்டார், இந்தத் தடவை தண்ணி காயட்டும் என்று. கோணிகளை மடித்து வைத்தார். முற்றத்தைக் கழுவித் தள்ளினார். குளோரின் வில்லை ஒன்று போதுமா என்று தெரியாமல் இரண்டு போட்டார்.

நாலு மணிக்கு டாக்சி வந்து நின்றது. பிலோமினம்மாள் காலை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி வெளியே வைத்தார். பாதம் பன் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. முழங்கால் மடங்கவில்லை. சூசைநாதன் பையை வாங்கிக்கொண்டு தோளைக் கொடுத்தார். வாசலுக்கும் பின்முற்றத்துக்கும் இடையில் இருபது அடி. அதைக் கடக்க ஐந்து நிமிஷம் ஆனது.

"காய விடலையே?"

"நீயே போய்ப் பாத்துக்க."

பழைய கவுனை மாற்றிக்கொண்டு, படியில் கால் வைத்து, விளிம்பைப் பிடித்து, பிலோமினம்மாள் தண்ணீரில் இறங்கி உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். சூசைநாதன் தூணுக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் மட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மட்டம் இறங்கவில்லை.

"அன்னம்மாள் கோயில்ல முழந்தா போட்டேங்க," என்றார் பிலோமினம்மாள், கண்ணைத் திறக்காமல். "முதல் வரிசையில. பூசை முழுக்கவும். அதுக்கப்புறந்தான் பஸ்ஸு என்னை இப்படி ஆக்கிருச்சு."

சூசைநாதன் வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னம்மாள் செஞ்ச அற்புதம்," என்றார்.

"அன்னம்மாளுக்கு இங்க ஒரு தொட்டியும் வேண்டியிருந்துச்சு." பிலோமினம்மாள் கையால் தண்ணீரை அளைந்தார். கை நின்றது. ஏதோ ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். விரல் நீளத்தில், வெள்ளையாக, தட்டையாக நசுங்கின ஒரு துண்டு. பக்கத்தில் இன்னும் இரண்டு மிதந்தன. "என்னங்க இது?"

சூசைநாதன் கூரையைப் பார்த்தார்.

"கோயில் மெழுகுவர்த்தி வாசம் அடிக்குது."

வேறு வழியில்லை. பஸ் ஜன்னலிலிருந்து ஆரம்பித்து, பூச்சாடி, வளையம், காதர், கோணி, மெழுகு என்று எல்லாவற்றையும் சொன்னார். எதையும் அழகுபடுத்தவில்லை. அழகுபடுத்த அவருக்குத் தெரியாது. பாதிக் கதையிலேயே பிலோமினம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். துணி காயுற காய என்ற இடம் வந்ததும் பொத்தின கை நழுவி, சிரித்த சிரிப்பில் தண்ணீர் விளிம்புக்கு மேலே தளும்பி வழிந்தது.

"நாப்பது வருஷமா உங்களோட என்ன பாஷையிலங்க பேசிட்டு இருக்கேன்?"

"நல்லாத் தெளிவாப் பேசியிருந்தா இது நடந்திருக்காது."

"சரி, உங்க மெழுகு எல்லாம் வெளிய வந்து மிதக்குதே. ஒழுகுதா பாருங்க."

அவர் குனிந்தார். அந்த இடுக்கை வெளிப்பக்கமாக உள்ளங்கையால் தடவினார். பலகையும் பலகையும் சேர்ந்த இடத்தை விரலால் கண்டுபிடிக்க முடியவில்லை. கை ஈரமாகவில்லை.

"மரம் பருத்து உங்க மெழுகைப் பிதுக்கி வெளிய தள்ளிருச்சு. காதர் அண்ணன் சொன்ன மாதிரிதான்," என்றார் பிலோமினம்மாள். தண்ணீருக்குள்ளேயே காலை மடக்கினார். முழங்கால் மெல்ல மெல்ல மேலே எழும்பி வந்து தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. "இப்பவாவது நம்புறீங்களா? வந்து காலை வைங்க. உங்க இடுப்புக்கும் நல்லது."

சூசைநாதன் நிமிர்ந்தார். நிமிரும்போது இடுப்பு நறுக்கென்றது. அவளுக்குக் கேட்டிருக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டார்.

"மெழுகு ஒரு ராத்திரி புடிச்சு நிறுத்தினதாலதான் மரத்துக்குப் பருக்க நேரம் கெடைச்சுது," என்றார். "அது யாருக்கும் தெரியாது. இன்னைக்கு ஒழுகலை. நாளைக்கு என்ன பண்ணுதுன்னு பாப்போம்."

"நில்லுங்க, எங்க போறீங்க?"

"காதர்கிட்ட. ராத்திரிக்கு உனக்கு மீன் கொழம்பு வேணும்ல."

கதவுவரை போய் ஒருதடவை திரும்பி, தொட்டியின் அடிப்பக்கத்துத் தரையைப் பார்த்தார். தளும்பி வழிந்த தண்ணீர் அங்கே கொஞ்சம் தேங்கியிருந்தது. வழிந்ததுதானா, ஒழுகினதா, யார் கண்டது? தலையை ஆட்டிக்கொண்டே செருப்பை மாட்டி, தெருவில் இறங்கி நடந்தார்.